‘டிரை’ ரீஸ்லிங் ஏன் இனிப்பதுபோல் இருக்கிறது?

பொங்கல் முடிந்த சனிக்கிழமை மாலை புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு நண்பர் வீட்டில் எட்டுப் பேர் கூடினோம். மேசை மேல் தினத்தாளில் சுற்றிய நான்கு பாட்டில்கள். நான்கும் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்த ஒயின். ஒன்று ஜெர்மனியின் மோசெல், ஒன்று பிரான்சின் அல்சாஸ், ஒன்று ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு, ஒன்று அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஃபிங்கர் லேக்ஸ். பாரிசிலும் சிட்னியிலும் நியூ ஜெர்சியிலும் சொந்தக்காரர்கள் இருக்கிற ஊர் இது. பண்டிகைக்கு வந்தவர்கள் பெட்டியில் ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். மோசெல் பாட்டில் பிராங்க்ஃபர்ட்டில் வேலை பார்க்கும் ஒரு தோழி கொடுத்தது.

நான்குமே ‘டிரை’ வகை. எது எந்த எண் என்று வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். கேள்வி இதுதான்: எதில் சர்க்கரை அதிகம், எதில் குறைவு?

ஐந்து பேர் மூன்றாம் எண்ணைக் காட்டி “இதுதான் இனிப்பு” என்றார்கள். ஆறு பேர் முதல் எண்ணைக் காட்டி “இதில் சர்க்கரையே இல்லை” என்றார்கள். நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். தாளைப் பிரித்தோம். மூன்றாம் எண் அல்சாஸ். தயாரிப்பாளர் தரும் விவரத்தாளின்படி அதில் லிட்டருக்கு 3 கிராம் சர்க்கரை. முதல் எண் மோசெல். அதில் 8 கிராம். நாங்கள் சொன்னதற்கு நேர் தலைகீழ்.

கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த மாமா, “அப்போ லேபிள்ல போட்டிருக்கிறது பொய்யா தம்பி?” என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். லேபிள் சரியாகவே இருந்தது. நாங்கள் நாக்கில் உணர்ந்ததும் உண்மைதான். ‘டிரை’ என்ற சொல் எதை அளக்கிறது என்பது மட்டும் எங்களுக்குத் தெளிவாக இல்லை.

ஒரு சொல், மூன்று குழப்பங்கள்

நம் ஊரில் ‘ஒயின் ஷாப்’ என்றால் பிராந்தியும் ரம்மும் விற்கும் கடை. ‘டிரை டே’ என்றால் அந்தக் கடை மூடியிருக்கும் நாள். அதனால் ‘டிரை ஒயின்’ என்று முதல்முறை கேட்பவருக்கு அது எதைச் சொல்கிறது என்று பிடிபடாமல் போவதில் வியப்பில்லை.

கொஞ்சம் பழகியவர்களுக்கு வேறொரு குழப்பம். சிவப்பு ஒயினைக் குடித்ததும் வாய் உலர்ந்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுவதுபோல் இருக்கும். ‘ஓ, இதுதான் டிரை’ என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த உணர்ச்சிக்குத் தமிழில் எப்போதோ பெயர் வைத்தாயிற்று: துவர்ப்பு. நாவல் பழம் தின்றாலும், வாழைப்பூவைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிட்டாலும், கொட்டைப்பாக்கை மென்றாலும் வருவது அதுவே. சிவப்பு ஒயினில் அது திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது. ரீஸ்லிங்கில் பழத்தைப் பிழிந்ததும் சாற்றைத் தோலிலிருந்து பிரித்துவிடுவதால் துவர்ப்பு மிகக் குறைவு. அறுசுவையில் துவர்ப்பைத் தனியாக எண்ணிய நமக்கு இந்தக் குழப்பம் வரவே வேண்டியதில்லை. ஆங்கிலச் சொல்லைப் பிடித்துக்கொண்டு யோசிப்பதால் வருகிறது.

மூன்றாவது குழப்பம்தான் பெரியது: டிரை என்றால் பழ வாசனையே இல்லாத, வறண்ட சுவை என்ற எண்ணம். அதை உடைக்க நாலைந்து பத்தி தேவைப்படும்.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா தாத்தாக்கள் வீட்டில் ‘செக்’ என்ற சொல் புழங்கும். பிரெஞ்சில் அதற்கும் ‘காய்ந்த’ என்றுதான் பொருள். ஜெர்மனில் ‘ட்ரோக்கன்’. மூன்று மொழியிலும் ஒயினைப் பற்றிச் சொல்லும்போது இதற்கு ஒரே அர்த்தம்: திராட்சையில் இருந்த சர்க்கரை கிட்டத்தட்ட முழுவதும் தீர்ந்துவிட்டது.

பதநீர் கள்ளாகிற கதை

பனையில் சுண்ணாம்பு தடவிய கலயம் கட்டினால் பதநீர். சுண்ணாம்பு இல்லாமல் கட்டினால் கள். மரம் ஒன்றுதான், வடியும் சாறும் ஒன்றுதான். சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று, ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடுகிறது. இதற்கு நொதித்தல் என்று பெயர்.

பாகூர்ப் பக்கம் கள்ளுக்கடைக்குப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். காலையில் இறக்கிய கள் தித்திக்கும். மதியத்துக்குள் தித்திப்பு குறைந்திருக்கும். சாயங்காலம் புளித்துப்போய், வேகம் கூடியிருக்கும். சர்க்கரை குறையக் குறைய ஆல்கஹால் கூடுகிறது. ஒயினிலும் இதே கணக்குதான். நாள் கணக்கு மட்டும் வாரக் கணக்காகிறது.

நன்றாகப் பழுத்த ரீஸ்லிங் சாற்றில் லிட்டருக்கு ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரை இருக்கும். சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 சதவீத ஆல்கஹால் கிடைக்கும். 200 கிராமும் தீர்ந்தால் 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இந்த ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடையில் உதவும்.

ஈஸ்ட் எல்லாச் சர்க்கரையையும் தின்று முடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இட்லி மாவை ஃப்ரிட்ஜில் வைத்தால் புளிப்பது அடங்கிவிடுகிறது அல்லவா? ஒயின் தொட்டியைக் குளிர வைத்தாலும் ஈஸ்ட் அடங்கிவிடும். மோசெலில் பழைய காலத்தில் யாரும் குளிர வைக்கவே வேண்டாம். குளிர்காலம் வந்ததும் நிலவறையே குளிர்ந்து, நொதித்தல் பாதியில் நின்றுபோகும். அப்படி மிச்சமாகிற சர்க்கரைக்கு எஞ்சிய சர்க்கரை என்று பெயர். டிரை, அரை டிரை, இனிப்பு என்ற பிரிவெல்லாம் இந்த எஞ்சிய சர்க்கரையை வைத்துத்தான்.

இதுவரை சொன்னது இவ்வளவே: ஈஸ்ட் சர்க்கரையைத் தின்கிறது. மிச்சம் வைத்தால் இனிப்பு ஒயின், வைக்காவிட்டால் டிரை ஒயின். துவர்ப்பு இந்தக் கணக்கில் வராது.

எவ்வளவு மிச்சம் இருந்தால் டிரை?

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி லிட்டருக்கு 4 கிராம் வரை எஞ்சிய சர்க்கரை இருந்தால் டிரை என்று போடலாம். 4 கிராம் என்பது ஒரு சின்ன டீஸ்பூன். அதை ஒரு லிட்டரில் கரைத்தால் எவ்வளவு தித்திக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாம் காலையில் குடிக்கிற காபி ஒரு டம்ளர் 150 மில்லி, அதில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று வைத்தால் லிட்டருக்கு 50 கிராமைத் தாண்டுகிறது.

ஆனால் அதே விதியில் இன்னொரு வரி உண்டு. ஒயினில் புளிப்பு போதுமான அளவு இருந்தால் 9 கிராம் வரை சர்க்கரை இருந்தாலும் டிரை என்றே சொல்லலாம். சர்க்கரை கிராம், அமில கிராமைவிட 2-க்கு மேல் கூடக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. எங்கள் மோசெல் பாட்டிலில் 8 கிராம் சர்க்கரை, 8 கிராமுக்குச் சற்று மேல் அமிலம். சட்டப்படி அது சுத்தமான ட்ரோக்கன்.

சட்டம் எழுதியவர்கள் எதற்காகப் புளிப்பையும் கணக்கில் சேர்த்தார்கள்? எங்கள் எட்டுப் பேர் ஏமாந்ததற்கான பதில் அதில்தான் இருக்கிறது.

புளிப்பு இனிப்பை மறைக்கும்

இதை ஒயின் இல்லாமலே வீட்டில் செய்து பார்க்கலாம், பிள்ளைகளும் செய்யலாம். இரண்டு டம்ளர் தண்ணீர் எடுத்து, இரண்டிலும் ஒரு ஸ்பூன் சர்க்கரை கரையுங்கள். ஒன்றில் மட்டும் அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள். இரண்டையும் குடித்துப் பாருங்கள். சர்க்கரை ஒரே அளவு, ஆனால் எலுமிச்சை விழுந்த டம்ளரில் தித்திப்பு பாதியாகக் குறைந்ததுபோல் இருக்கும். எலுமிச்சை ஜூஸ் போடும்போது கை தாராளமாகச் சர்க்கரை டப்பாவுக்குப் போவது இதனால்தான்.

ரீஸ்லிங் இயல்பிலேயே புளிப்பு மிகுந்த திராட்சை. அதன் முக்கிய அமிலங்களில் ஒன்று டார்டாரிக் அமிலம். நம் சமையலறைப் புளியில் இருப்பதும் அதே அமிலம்தான். (இதைச் சொன்னதும் மாமா கண்ணாடி டம்ளரை மறுபடி கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார். அவருக்கு அந்த இடத்தில்தான் ஒயின் வேற்று நாட்டுப் பொருளாக இல்லாமல் போனது என்று நினைக்கிறேன்.) கூடவே மாலிக் அமிலம் என்று ஒன்று. பச்சை ஆப்பிளைக் கடித்தால் பல் கூசுமே, அந்தப் புளிப்பு.

மாங்காய் மரத்திலேயே பழமாவதை நினைத்துக்கொள்ளுங்கள். நாளாக ஆகப் புளிப்பு இறங்கும், இனிப்பு ஏறும். திராட்சையிலும் அப்படியே. குறிப்பாக மாலிக் அமிலத்தை, வெயில் ஏற ஏறப் பழமே எரித்துத் தீர்த்துவிடும். ஆகவே குளிர்ந்த ஊரில் விளைந்த ரீஸ்லிங்கில் புளிப்பு நிறைய தங்கும். வெப்பமான ஊரில் குறையும். ஒரே திராட்சை ஊருக்கு ஊர் வேறாகச் சுவைப்பதற்கு முதல் காரணமாக நான் இதைத்தான் சொல்வேன்.

மூக்கு சொல்லும் இனிப்பு

இன்னொரு பாதிக் கதை மூக்கில் இருக்கிறது.

பண்ருட்டிப் பலாப்பழம் வண்டியில் போனால் தெருவே தித்திக்கும் என்று சொல்வோம். தெருவில் யார் நாக்கிலும் எதுவும் படவில்லை. ஆனால் அந்த வாசனையையும் இனிப்பையும் ஆயிரம் முறை சேர்த்தே அனுபவித்திருப்பதால், வாசனை வந்ததும் மூளை ‘இனிப்பு’ என்று சொல்லிவிடுகிறது. ஒரு சுளையை மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லுங்கள். தித்திப்பு மட்டும் தெரியும். அது பலாவா வேறு பழமா என்று சொல்ல முடியாது. மூக்கை விட்டதும் பலா திரும்பி வரும். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்று சில மட்டுமே. பழம் என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு வாசனை.

ரீஸ்லிங் வாசனை மிகுந்த திராட்சை. பழுத்த பீச், பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், மல்லிகை போன்ற வெள்ளைப்பூ எல்லாம் அதில் வரும். சர்க்கரை துளியும் இல்லாத ரீஸ்லிங்கும் மூக்கருகே கொண்டுபோனதும் தேன்போல மணக்கலாம். எங்கள் அல்சாஸ் பாட்டில் அப்படித்தான் மணத்தது. பழம் நன்றாகப் பழுத்துப் பறித்தது, ஆல்கஹால் 13 சதவீதம். ஆல்கஹாலுக்கே மெலிதான ஒரு தித்திப்பும் ஒரு கனமும் உண்டு. வாசனையும் கனமும் சேர்ந்து, 3 கிராம் சர்க்கரையை எங்களுக்கு முப்பதுபோல் காட்டிவிட்டன.

ஆக, இனிப்பு என்று நாம் உணர்வது நான்கு பேர் சேர்ந்து சொல்கிற தீர்ப்பு: எஞ்சிய சர்க்கரை, அமிலம், வாசனை, ஆல்கஹால். ‘டிரை’ என்ற சொல் சர்க்கரையை அளக்கிறது, அமிலத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறது. மற்ற இருவரைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

நான்கு ஊர், நான்கு விதம்

இப்போது மேசைக்குத் திரும்புவோம்.

மோசெல் ஏறக்குறைய 50 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. புதுச்சேரி 12 பாகை. அவ்வளவு வடக்கே திராட்சை பழுப்பதே பெரும்பாடு. ஆற்றை ஒட்டிய செங்குத்தான சரிவுகளில், தெற்கு வெயில் விழும் பக்கமாகப் பார்த்துக் கொடிகளை நட்டிருக்கிறார்கள். சில இடங்களில் சரிவு 60 பாகையைத் தாண்டும். இயந்திரம் ஏறாது, மனிதர் ஏறித்தான் பறிக்க வேண்டும். தரையில் கருஞ்சாம்பல் நிறப் பலகைக்கல் சிதறிக் கிடக்கிறது. அது பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் கொடுக்கும். ‘இந்த ஒயினில் கல்லின் சுவை தெரிகிறது’ என்று நிறையப் பேர் எழுதுவார்கள். வேர் கல்லின் சுவையை உறிஞ்சிக் குடுவைக்குக் கொண்டுவருவதாக நான் நம்பவில்லை. கல் கொடுக்கிற சூடும், வடிகாலும், அந்த இடத்தின் குளிருமே பழத்தை அப்படி ஆக்குகின்றன. எங்கள் பாட்டிலில் ஆல்கஹால் 11.5 சதவீதம். வாயில் வைத்ததும் எலுமிச்சையைக் கடித்ததுபோல் ஒரு வெட்டு. 8 கிராம் சர்க்கரை அந்த வெட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

அல்சாஸ் 48 பாகை. மோசெலைவிடப் பெரிதாகத் தெற்கே இல்லை, ஆனால் வெயில் அதிகம். காரணம் நமக்கு நன்றாகப் புரியும். தென்மேற்குப் பருவத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை மழையைக் கேரளத்தில் இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் வெறும் காற்றை அனுப்புகிறதே, அதேபோல் வோஜ் மலைத்தொடர் மேற்கிலிருந்து வரும் மழையை மறித்துக்கொள்கிறது. மலைக்குக் கிழக்கே இருக்கும் கோல்மார் நகரம் பிரான்சிலேயே மழை குறைந்த ஊர்களில் ஒன்று. மழை பயம் இல்லாததால் பழத்தைக் கொடியில் நின்று பழுக்க விடலாம். சர்க்கரை ஏறும், அது முழுவதும் நொதித்தால் ஆல்கஹால் கூடிய, கனமான, ஆனால் டிரையான ஒயின்.

கிளேர் பள்ளத்தாக்கு அடிலெய்டுக்கு வடக்கே சுமார் 130 கிலோமீட்டர். பகல் சுட்டெரிக்கும். ஆனால் நானூறு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் இரவு குளிரும், அந்தக் குளிர் புளிப்பைக் காப்பாற்றுகிறது. அங்கே சர்க்கரையை மிச்சம் வைக்காமல் முடிப்பதுதான் பழக்கம். எங்கள் பாட்டிலில் 2 கிராம்கூட இல்லை. எலுமிச்சைத் தோலைக் கசக்கியதுபோல் வாசனை. அதைத் தனியாகக் குடித்திருந்தால் நான்கிலும் இதுதான் வறட்சியானது என்று சொல்லியிருப்போம். மோசெலுக்குப் பிறகு வந்ததால் சாதுவாகத் தெரிந்தது. அந்தப் பாட்டிலுக்குத் திருகு மூடி. திருகு மூடி என்றால் மலிவு என்று ஒருவர் சொன்னார். கிளேர் தயாரிப்பாளர்கள் 2000-ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து ஒன்றுகூடி முடிவெடுத்துத் திருகு மூடிக்கு மாறியவர்கள். கார்க் கெட்டு ஒயினில் பூஞ்சை நாற்றம் ஏறுவது அதோடு நின்றது.

ஃபிங்கர் லேக்ஸ் பகுதியில் குளிர்காலம் கொடியையே கொன்றுவிடும் அளவுக்குக் கடுமை. காப்பாற்றுவது ஏரி. ஆழமான நீர் கோடையின் சூட்டைப் பிடித்து வைத்துக் கரையோரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். கடல் இருப்பதால் கடலூரில் இரவும் பகலும் உள்நாட்டு ஊர்கள் அளவுக்கு ஏறி இறங்காது. அதே வேலையை அங்கே ஏரி செய்கிறது. உக்ரைனில் பிறந்து 1951-இல் அமெரிக்கா சென்ற கான்ஸ்டன்டின் ஃபிராங்க் என்பவர்தான், குளிர் தாங்கும் வேரில் ஒட்டுப் போட்டால் ஐரோப்பியத் திராட்சை அங்கே பிழைக்கும் என்று காட்டினார். 1962-இல் தம் ஒயின் ஆலையைத் தொடங்கினார். எங்கள் பாட்டில் மோசெலுக்கும் அல்சாசுக்கும் நடுவில் நின்றது. நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

மண்ணெண்ணெய் வாசனை வந்தால்

கிளேர் பாட்டில் ஏழு வருடம் பழையது. ஊற்றியதும் ஒரு அக்கா, “இது கெட்டுப்போச்சு, ஸ்டவ் வாசனை வருது” என்று டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார். நியாயமான சந்தேகம். ஆனால் அது ரீஸ்லிங்கின் சொந்த அடையாளம். வெயில் பட்ட திராட்சைத் தோலில் உருவாகும் சில நிறப்பொருள்களிலிருந்து, பாட்டிலில் நாள்பட நாள்பட டி.டி.என். என்ற சேர்மம் பிறக்கிறது. மண்ணெண்ணெயோ பெட்ரோலோ போல மணப்பது அதுதான். வெயில் கூடிய ஊரில் அதிகம், பழைய பாட்டிலில் அதிகம். கெட்டுப்போன அறிகுறி அல்ல; பிடிக்காவிட்டாலும் தவறில்லை. பத்து நிமிடம் கழித்து அந்த அக்கா மறுபடி முகர்ந்தபோது எலுமிச்சையும் வந்துவிட்டிருந்தது.

நீங்களும் கூடிச் சுவைக்க நினைத்தால்

எங்களுக்குப் பிழையானவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

பாட்டிலைச் சுற்றி மறையுங்கள். பெயர் தெரிந்தால் நாக்கு பெயரைத்தான் சுவைக்கும். எல்லோரும் முதலில் வாய் திறக்காமல் எழுத வேண்டும், பிறகே பேச வேண்டும். இதுதான் மிக முக்கியம். எங்கள் முதல் சுற்றில் ஒருவர் சத்தமாக “தேன்!” என்றார், அடுத்த நிமிடம் எல்லார் தாளிலும் தேன் இருந்தது.

சூடு இன்னொரு எதிரி. உருகிய ஐஸ்கிரீம் ஏன் திகட்டுகிறது? குளிர்ச்சி இனிப்பை அடக்கும், சூடு அதை எழுப்பும். ரீஸ்லிங்கை 8 முதல் 10 பாகை செல்சியசில் குடிப்பது வழக்கம். ஜனவரியில்கூட நம் ஊர் அறையில் அது கால்மணி நேரம் நிற்காது. ஆகவே ஐஸ் வாளியில் பாட்டில்களை வைத்து, ஒரு தடவைக்கு 50 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள். நான்கும் ஒரே குளிரில் இல்லாவிட்டால் நீங்கள் ஒப்பிடுவது ஊரை அல்ல, வெப்பநிலையை.

நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் தண்ணீர் தித்திக்கும். முன்னால் வந்தது பின்னால் வருவதை மாற்றும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். அதனால் ஒருமுறை 1, 2, 3, 4 என்றும், அடுத்த முறை 4, 3, 2, 1 என்றும் சுவையுங்கள். நடுவே வெறும் பொரியும் தண்ணீரும். பிஸ்கட் வேண்டாம், அதில் சர்க்கரை இருக்கிறது. அறையில் ஊதுபத்தி ஏற்றாதீர்கள். தலை நிறைய மல்லிகை வைத்தவர் பக்கத்தில் உட்கார்ந்தாலும் ஒயினின் வாசனை தெரியாது. துப்புவதற்கு ஆளுக்கொரு கிண்ணம் வையுங்கள், சுவைப்பதற்கு விழுங்க வேண்டிய அவசியமில்லை. பஸ்ஸில் திரும்புங்கள், பாட்டிலைப் புதுச்சேரியிலேயே விட்டுவிடுங்கள். எல்லை தாண்டிக் கொண்டுபோவது சட்டத்துக்கு ஆகாது.

லேபிளில் எதைப் பார்ப்பது

ரீஸ்லிங் என்றாலே இனிப்பு என்ற பெயர் வரக் காரணம், ஒரு காலத்தில் ஜெர்மனியிலிருந்து உலகெங்கும் போன மலிவான இனிப்பு ஒயின்கள். அவற்றில் பலவற்றில் ரீஸ்லிங் கொஞ்சமும் இல்லை என்பது வருத்தமான உண்மை. 1435-ஆம் ஆண்டிலேயே ரைன் நதிப் பக்கத்துக் கணக்கேட்டில் பெயர் பதிவான ஒரு திராட்சைக்கு இது நியாயமில்லாத பழி.

ஜெர்மன் பாட்டிலில் ‘ட்ரோக்கன்’ என்ற சொல்லைத் தேடுங்கள். ‘கபினெட்’, ‘ஷ்பேட்லேஸ’ என்ற சொற்கள் பழம் பறிக்கும்போது எவ்வளவு பழுத்திருந்தது என்பதைத்தான் சொல்கின்றன, பாட்டிலில் எவ்வளவு இனிப்பு என்பதை அல்ல. ‘ஷ்பேட்லேஸ ட்ரோக்கன்’ என்றுகூட ஒயின் உண்டு. அல்சாசில் 2021 அறுவடையிலிருந்து ‘செக்’ முதல் ‘தூ’ (இனிப்பு) வரை இனிப்பு அளவை லேபிளில் போடுவது கட்டாயமாகிவிட்டது. சில பாட்டில்களின் முதுகில் டிரை முதல் ஸ்வீட் வரை நான்கு படியுள்ள ஒரு கோடும், அதில் ஓர் அம்புக்குறியும் இருக்கும். இன்டர்நேஷனல் ரீஸ்லிங் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு வகுத்தது அது. சர்க்கரையையும் அமிலத்தையும் ஒப்பிட்டு, சர்க்கரை மிஞ்சாவிட்டால் டிரை என்று வைக்கிறது. எங்கள் மோசெல் அந்தக் கணக்கிலும் டிரைதான்.

இவை எதுவும் இல்லையென்றால் ஆல்கஹால் அளவைப் பாருங்கள். முன்னால் சொன்ன 17 கிராம் கணக்கு இங்கே உதவும். 8 சதவீதம் என்று போட்டிருந்தால் நொதித்தது 136 கிராம்தான். சாற்றில் இருந்த மிச்சம் பாட்டிலில் இருக்கிறது, இனிக்கும். 12 சதவீதம் என்றால் பெரும்பாலும் டிரை.

மறுநாள்

ஒவ்வொரு பாட்டிலிலும் கொஞ்சம் மிஞ்சியது. மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். ஞாயிறு மதியம் அதே வீட்டில் வஞ்சிரம் குழம்பு, நல்ல காரம். அல்சாசை ஊற்றிப் பார்த்தோம். 13 சதவீத ஆல்கஹால் மிளகாயோடு சேர்ந்து தொண்டையை எரித்தது. மோசெலை ஊற்றினோம். அதன் புளிப்பு குழம்பின் புளியோடு இழைந்தது, முந்தின நாள் ஆறு பேர் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்த அந்த 8 கிராம் சர்க்கரை வெளியே வந்து காரத்தைத் தணித்தது. மாமா இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டு, “இப்ப தெரியுது தம்பி, இருக்கு” என்றார்.